அக்காவுக்கு நான் போட்ட கண்ணாடி

முப்பது வருஷத்துக்கு மேல் நான் பார்த்த உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். படத்தின் ஓரங்களைச் சரிசெய்தேன். லென்ஸில் நடுப்பகுதி தெளிவாக விழுவது பெரிய வித்தையே இல்லை. ஓரத்துக்குப் போகப் போகத்தான் புள்ளி கலங்கும், கோடு வளையும், வெளிச்சம் மங்கும். வானத்திலிருந்து பூமியைப் படமெடுக்கும் கேமராக்களுக்காக ஏழெட்டு லென்ஸ்களை அடுக்கி, வளைவுகளைக் கூட்டிக் குறைத்து, நாலு மூலையும் தெளியும்வரை விடமாட்டேன். சின்னவர்கள் ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்து நீட்டினால் நடுவைப் பார்க்கவே மாட்டேன். "ஓரத்தைக் காட்டுங்க" என்பேன். ஆய்வுக்கூடத்தில் என்னைக் கண்டால் பயம். எனக்கும் அதில் திமிர் உண்டு.

ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அங்கே அக்கா மல்லிகை போட்டிருந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மாமா போன பிறகு தனியாளாக நின்று தோட்டம் பார்த்தவள். அவளுக்குக் கண்ணாடி போடும் வயது வந்தபோது, "லென்சு செய்யிற தம்பி இருக்கையில நான் எதுக்குக் கடைக்குப் போறேன்?" என்றாள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. சோதனை லென்ஸ்கள் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பொங்கலுக்கும் அதோடு போய் இறங்கினேன். சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, தள்ளி நாற்காலி போட்டு, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, லென்ஸை மாற்றி மாற்றிக் காட்டுவேன். கடைசி வரிவரை படித்துவிடுவாள். அந்த நம்பருக்குத் தெரிந்த பட்டறையில் கண்ணாடி செய்து அனுப்புவேன். கண் டாக்டர் என்று ஒருவர் உலகத்தில் இருப்பதே எங்கள் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு பொங்கலுக்கு அவள் சொன்னாள்: "பூ பறிக்கையில பக்கத்து மொட்டெல்லாம் தப்பிப் போயிருதுப்பா. எனக்குப் பின்னாடி வர்றவ அம்புட்டையும் பறிச்சுக் காட்டுறா."

அட்டையைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கால் பவர் கூட்டினேன். அடுத்த வருஷம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். வாசலில் இருந்த குடத்தை உதைத்துத் தள்ளினாள். "கடைசி வரியப் படிக்கிற, குடம் தெரியலையாக்கா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். கண்ணாடியின் ஃபிரேமை அகலமாக்கினேன். வேறு என்ன தோன்றும், லென்ஸ்காரனுக்கு?

போன வருஷம் பழனி ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள் அவளைத் தட்டிவிட்டது. முறிந்த கைக்குக் கட்டுப்போட்ட டாக்டர்தான் கண்ணையும் காட்டச் சொன்னார். திண்டுக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்க வேண்டும். வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தேன். இடது ஓரத்தில் வெளிச்சம் வந்து போனது. வலது ஓரத்தில். மேலே. கீழே. அக்காவின் விரல் அசையவே இல்லை.

சற்று நேரம் கழித்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்: "இன்னும் ஆரம்பிக்கலையாப்பா?"

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது. கிளாகோமா. ஓரத்திலிருந்துதான் பார்வையைத் தின்னும். எழுத்தெல்லாம் கடைசிவரை படிப்பார்கள். "போனது வராது சார். நாலஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம். இத்தனை நாள் கண்ணாடி போட்டுக் கொடுத்தது யாரு?"

"கடையில" என்றேன்.

என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக நான் எதையும் சொன்னதில்லை. படித்த படிப்பும் வாங்கிய பேரும் எதற்கு என்று இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "என் தம்பி பெரிய சயின்டிஸ்ட்டு. வருசா வருசம் இவன் கண்ணாடி மாத்திக் குடுக்கலேன்னா எனக்கு எப்பவோ இருட்டியிருக்கும்." அந்த அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பஸ் வந்துருச்சுக்கா" என்றேன்.

பஸ் எதுவும் வரவில்லை. அவள் நம்பி எழுந்து நின்று, என் கையைத் தேடினாள்.