எதிர்வீட்டுக்குக் கேட்ட லித்துவேனியப் பாட்டு

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை சினிமாப் பாட்டு. காது புளித்துப் போயிருந்தது. அப்போதுதான் பினாங்கு துறைமுகத்தில் வேலை செய்த என் மச்சான் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான். ரப்பர் ஏற்ற வந்த கப்பலில் இருந்த லித்துவேனியாக்காரன் ஒருவன், மச்சானிடம் பூப்போட்ட பாத்தேக் சட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்ததாம். அவன் ஊர்ப் பழைய பாட்டுகளைப் புது மாதிரியாகப் பாடியிருக்கிறார்களாம். அந்த நாட்டின் பேரையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கடையில் போட்டுப் பார்த்தேன். முதலாளி கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. "என்னா பாட்டுலா இது? கஸ்டமர் ஓடிருவான்," என்றார். எனக்கோ நகர முடியவில்லை. அடியில் ஏதோ மின்சாரக் கருவி இரைந்துகொண்டே இருந்தது. மேலே டிஸ்கோவுக்குப் போடுகிற தாளம், ஆனால் முடியாதவர் நடக்கிற மாதிரி மெதுவாக. இரண்டு பெண்கள் பாடினார்கள். ஒருத்தியின் குரலை ஒட்டியே மற்றவள் குரலும் வந்தது. சேரவுமில்லை, விலகவுமில்லை, உரசிக்கொண்டே போனது. ஒரு வார்த்தை புரியவில்லை. கேசட்டை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

ஈப்போவை ஒட்டிய லகாட் பக்கத்தில் எங்கள் பலகை வீட்டில் அப்பா நுரையீரல் கெட்டுப் படுத்திருந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன் தம்பி, என் சித்தப்பா, ஒரு தடவை வந்து பார்த்தால் போதும் என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. குடும்பமே வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய, மற்றவர்கள் மறுத்து நிற்க, முதல் ஆளாகத் தலையாட்டியவர் அப்பா. அன்றோடு சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இத்தனைக்கும் எதிர்வீடு. நான் போய்க் கெஞ்சியும் அசையவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"பாஷ தெரியாததே நல்லதாப் போச்சு. சத்தமா வை," என்றார். வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த இழுவை அப்படி. அவர்களுக்குப் பின்னால், சட்டைகூடப் போடாமல் சித்தப்பா.

"அண்ணே! என்ன விட்டுட்டுப் போயிட்டியே!" என்று வாசற்படியிலேயே விழுந்தார்.

அப்பா தலையணையில் சாய்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தார், இருமல் முந்திக்கொண்டது. சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து திரும்பிப் போய்விட்டார். அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உசுரோட இருக்கறவரு வீட்ல போடற பாட்டா தம்பி இது?" என்று ஓர் அக்கா என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்ததும், "அந்தப் பாட்ட வைடா," என்றார் அப்பா. வைத்தேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தினமும் அப்படித்தான். ஒரு சாயங்காலம், பாட்டு தொடங்கியதுமே எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"ஜன்னல சாத்திட்டாருப்பா," என்றேன்.

"மழைக்குச் சாத்திருப்பான். இன்னும் கொஞ்சம் கூட்டி வை."

வெளியே மழை இல்லை. கூட்டி வைத்தேன்.