கந்தப்பளையில் இலை தைக்கும் பூச்சி

1963 ஆகஸ்ட் விடுமுறையில் நான் கந்தப்பளைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, ஒரு பூச்சியைப் பார்க்க. அங்கே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அக்கா ராசாத்தி கடிதம் போட்டிருந்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேரி மரத்தில் விரல் நீளப் பூச்சி குடியிருக்கிறதாம், இறக்கையே இல்லையாம். கடித்தால் ஆள் பிழைக்காது என்று லயமே பயந்து, ஞாயிற்றுக்கிழமை மரத்தை வெட்டப்போகிறதாம். ‘காய் தொங்குற மரம். நீதான் சயன்ஸ் டீச்சராச்சே, வந்து சொல்லு.’

கடிதம் கைக்கு வந்ததே சனிக்கிழமை மாலையில். மறுநாள் காலை ஏழரைக்கு ஹட்டனில் ரயில் ஏறினேன். நானுஓயா இருபது மைல். அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஒரு பஸ், கந்தப்பளைக்கு இன்னொன்று. இரண்டுக்கும் அறுபது சதம். இறங்கும்போது டிரைவரிடம் வழி கேட்டேன். “மேல காடு தெரியுதுல்ல மிஸ், அதுக்குக் கீழதான் லயம். மெதுவா ஏறுங்க, மூச்சு வாங்கும்,” என்றார். மெதுவாக ஏற எனக்கு ஏது நேரம்?

நான் போனபோது பக்கத்து வீட்டு முத்தையா அண்ணன் கோடரியோடு மரத்தடியில் நின்றார்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே!”

தாழ்ந்த கிளையில் மூன்று இலைகள் ஓரம் ஒட்டி உறைபோல இருந்தன. மெல்லப் பிரித்தேன். பட்டுபோன்ற நூலிழைகள் அறுந்தன. உள்ளே பழுப்பு நிறப் பூச்சி ஒன்று, உடம்பைப்போல் மூன்று மடங்கு நீள மீசையைச் சுருட்டிப் படுத்திருந்தது.

“இது சுவர்க்கோழிக்குச் சொந்தங்க. வாயில நூல் விட்டு இலையத் தச்சு, பகல்ல உள்ளே தூங்கும். பறவை கண்ணுல படாது, வெயில்ல காயாது. இருட்டுல மீசையால தடவித் தடவிப் போயி புழுவும் பழமும் தின்னும். பறக்க முடியாது, அதான் பின்னங்கால் இவ்வளவு பெருசு. விஷம் கெடயாது.”

எல்லாம் புத்தகத்தில் படித்தது. நேரில் அன்றுதான் பார்க்கிறேன். அது எழும்பிக் காலை விரித்து, ‘கர்’ரென்று உரசி, என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. ரத்தம் வந்தது.

அக்கா அலறினாள். முத்தையா அண்ணன் என்னைப் படிக்கட்டில் உட்கார வைத்தார். லயமே சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தது. புத்தகம் தப்பாக இருந்தால்? எனக்கும் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளாமல் தேத்தண்ணி கேட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கோப்பை குடித்து, நாலு ரொட்டியும் தின்றேன்.

“இம்புட்டு ரொட்டி திங்குற ஆளு சாகாது,” என்று கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் முத்தையா அண்ணன். லயமே சிரித்தது.

மறுநாள் காலை பார்த்தால், பூச்சி அதே கிளையில் வேறு இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்திருந்தது. “என்னைய விட நல்லாத் தைக்குது,” என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கம்பளிச் சட்டையும் குடையும் கொண்டுபோங்கள். காட்டோரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய இலைகளைக் கண்டால் வெளியில் நின்று ரசியுங்கள். பிரித்துப் பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். பயத்தோடு பசியும் சேர்ந்தால் தாங்காது.