குண்டனுக்கு எதற்குப் பரிசோதனை?

நாயின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்து, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியை உருட்டிக்கொண்டே, "இருபத்தெட்டு, இருபத்தொம்பது" என்று எண்ணுகிறார் எங்கள் தெருக்காரர். முப்பது விநாடி ஆன பிறகும் விடமாட்டார். "ஒண்ணு கூட இருந்தா தப்பில்ல" என்று முப்பத்தொன்றையும் எண்ணிவிட்டுத்தான் குச்சியைக் காகித உறையில் போடுவார். அது ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அந்த நாயின் வம்சத்தில் என்னென்ன நோய் ஒளிந்திருக்கிறது என்று மூன்று வாரத்தில் தாள் வரும்.

சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் நாலைந்து குச்சிகள் இருப்பதால் தெருவில் இவருக்குப் பஞ்சு சார் என்று பெயர். லாப்ரடார் நாய்களை வளர்த்து, இணை சேர்த்து, குட்டிகளை விற்பது தொழில். பதினான்கு பேர் கொண்ட நாய் வளர்ப்போர் சங்கத்துக்குத் தலைவர். பரிசோதனை செய்யாமல் இணை சேர்ப்பவர்களை இவர் மனிதக் கணக்கிலேயே வைப்பதில்லை. "ரத்தத்துல என்ன இருக்குன்னு பாக்காம சேத்துட்டு, குட்டிக்குக் கண்ணு போனப்புறம் தலையில கை வெச்சு என்ன பிரயோஜனம்?" என்று சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டுவார்.

வீட்டு இரும்பு அலமாரி முழுக்க நாய்களின் கோப்புகள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கின்றன. "நாய்க்கு எட்டுத் தலைமுறைப் பேரைத் தலைகீழாச் சொல்வாரு. எங்க கல்யாண நாள் என்னன்னு கேளுங்க, முழிப்பாரு" என்பார் அவர் மனைவி.

என்னிடமும் ஒரு நாய் இருக்கிறது. "பரம்பரை என்ன?" என்று கேட்டார். "குப்பைத்தொட்டி பக்கத்துல கெடச்சுது சார்" என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்போல என் தோளைத் தட்டிவிட்டு, கையோடு அதன் கன்னத்திலும் குச்சியை உருட்டினார். ஒரு நோயும் இல்லை என்று தாள் வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவருடைய உயிர் குண்டன். ஐந்து வயது ஆண் நாய். காகிதத்தில் அதன் பெயர் ஒன்றரை வரிக்கு நீளும், வீட்டில் குண்டன். கண்காட்சிகளில் மூன்று கோப்பை வாங்கியது. அதன் கன்னத்தில் மட்டும் இதுவரை குச்சி பட்டதில்லை. "அவனுக்கு எதுக்கு சார் டெஸ்ட்? அவனை வெச்சுத்தான் மத்ததுக்கெல்லாம் அளவே எடுக்கறோம்" என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

வினை பேக்கரிக்காரர் ரூபத்தில் வந்தது. அவருடைய பெண் நாய் கண் நோயின் மரபணுக் கூறு ஒன்றைச் சுமக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவரே பஞ்சு சார்தான். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் கூறு வந்து சேர்ந்தால்தான் குட்டிக்குப் பார்வை போகும், ஆகவே சுத்தமான ஆணோடு மட்டுமே சேர்க்கவேண்டும் என்று பாடம் எடுத்தவரும் இவரே. குண்டனோடு சேர்க்கலாம் என்று பேச்சு முடிந்ததும் பேக்கரிக்காரர் பணிவாகக் கேட்டார்: "அப்ப குண்டனோட தாளையும் காட்டிடுங்க சார். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?"

வேண்டாவெறுப்பாகக் குச்சியை உருட்டினார். தாள் வந்தது. குண்டனிடம் இரண்டு கூறுகளுமே இருந்தன. இன்னும் ஓரிரு வருடத்தில் முதலில் இருட்டில் தடுமாறும், பிறகு பகலிலும்.

"மாத்திட்டாங்க" என்றார். அறுபதுவரை எண்ணி மறுபடி அனுப்பினார். அதே பதில். பிறகு மூன்றாவதாக ஓர் உறை போனது. அதற்குப் பதிலாகத் தாள் வரவில்லை. ஆய்வுக்கூடத்துப் பெண்ணே கைப்பேசியில் அழைத்தாள். பஞ்சு சார் எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். கூடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

"சார், இந்தத் தடவை எந்த நோயும் இல்ல."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா!"

"ஆனா இது பெண் நாயோட எச்சில் சார். போன வருஷம் உங்க வீட்லேர்ந்து வந்த இன்னொரு நாயோட அச்சு அசலாப் பொருந்துது."

ஒரு துளி எச்சில் வம்சத்தின் வண்டவாளத்தையே சொல்லிவிடும் என்று பத்து வருடமாக மேசையைத் தட்டியவருக்கு, அது ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும் என்பது மறந்துபோயிருந்தது. "மெஷினைத் தொடைச்சுப் பாருங்கம்மா" என்றார். சுருதி இறங்கிவிட்டது.

மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றார். "சனிக்கிழமை பேக்கரிக்காரர் நாயைக் கூட்டிட்டு வர்றாரு. பாதிக் குட்டிக்குக் கண்ணு போகும். அந்த மொதத் தாளைக் காட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"அவன் கண்ணைப் பாரு. நோய் இருக்கற கண்ணா அது?"

"நான் கேட்டது அது இல்ல."

பஞ்சு சார் பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. போய் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பின்னாலேயே போனேன். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவர் குண்டனை நோக்கிச் சத்தமில்லாமல் ஒரு பந்தை உருட்டினார். குண்டன் பிடித்தது. மறுபடி உருட்டினார், பிடித்தது. மூன்றாவது முறை பந்து அதன் காலைத் தாண்டிச் சுவர்வரை போனது. குண்டன் வாலை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்து நின்றது. "பந்து பழசு" என்றார் என்னிடம். கேட்க வந்ததைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை காலை பேக்கரிக்காரரின் வண்டி வந்தது. குளிப்பாட்டிய நாய், கழுத்தில் புது வார். "மாப்ள ரெடியா சார்?" என்று சிரித்தபடி இறங்கினார். பஞ்சு சார் குண்டனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். இடுப்புயர இரும்புக் கதவைத் திறக்கவில்லை. பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கதவுக்கு மேலாக நீட்டினார்.

பேக்கரிக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலை வரிமேல் வைத்துச் சத்தமாகப் படிக்கிற மனிதர் அவர். ஒன்றரை வரிப் பெயரைத் திக்கித் திணறி முடித்தார். "கண் நோய்... ரெண்டு கூறும்..." என்று அடுத்த வரிக்கு வந்தார்.

பஞ்சு சார் சட்டென்று மண்டியிட்டு, குண்டனின் காதுகள் இரண்டையும் கைகளால் பொத்திக்கொண்டார்.