அறுபது கிலோ மாப்பிள்ளை

ஆவூர் ஜஸ்டினுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வட்டாரத்துக் கோழிகளுக்கு நிம்மதி போயிற்று. அவன் பைக் சத்தம் கேட்டதுமே சேவல்கள் வைக்கோற்போருக்குள் நுழைந்துகொண்டனவாம். கூவினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று விடியற்காலையிலும் வாயை மூடிக்கொண்டனவாம். அதனால் மாதா கோயில் உபதேசியார் தூங்கிப்போய், காலைப் பூசைக்கு மணி தாமதமாக அடித்ததாம். இதில் பாதியைத் தள்ளிவிடலாம். விருந்து நடந்தது மட்டும் மெய்.

தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்த கையோடு ஜஸ்டின் ஃபெமினாவுக்குத் தாலி கட்டினான். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடு ஒன்றுவிடாமல் புது மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்குப் போயாக வேண்டும். ஒரு வீட்டைத் தவறவிட்டால், அந்த வீட்டுக்காரர்கள் இவன் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று வந்துதான் அதற்குச் சண்டை போடுவார்கள். இலையில் ஒரு துண்டை மிச்சம் வைத்தாலோ, “ஏன் மாப்பிள்ளை, எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலையா?” என்று சமைத்தவளே கண்ணைக் கசக்குவாள். ஜஸ்டின் இளகிய மனசுக்காரன். எல்லா வீட்டிலும் எல்லாவற்றையும் தின்றான்.

தின்றதில் தப்பில்லை. ஆனால் அவன் குத்துச்சண்டைக்காரன். பகலில் கீரனூரில் தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிற வேலை. சாயங்காலம் புதுக்கோட்டைக்குப் போய்க் கையுறை மாட்டிக்கொள்வான். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அறுபது கிலோ பிரிவில்தான் இறங்குவான். போன வருடம் மாநில அணிக்கு ஆள் எடுத்தபோது கடைசிச் சண்டையில் மயிரிழையில் தோற்றான். இந்த வருடம் அந்தத் தேர்வு அக்னி நட்சத்திரத்தின் நடுவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எடை மேடையில் முள் அறுபதைத் தாண்டக்கூடாது. ஒன்று பாக்கியாக விருந்தெல்லாம் முடிந்து ஏறிப் பார்த்தால் அறுபத்தைந்தைத் தொட்டது.

“பேசாம அடுத்த எடையில எறங்குடா. ஒன் ஒசரத்துக்கு அதுதான் சரி” என்றார் பயிற்சியாளர் ஆத்மநாதன்.

“அறுபதுல தோத்ததை அறுபதுலதான் ஜெயிக்கணும் மாஸ்டர்.”

“ஜெயிக்கிறதுக்கு ஒடம்பு வேணுமேடா?”

அது காதில் ஏறவில்லை. கூடப் பயிற்சி செய்கிற பாலாஜி சொன்னதுதான் ஏறியது. சோற்றை நிறுத்து, அப்புறம் உப்பை நிறுத்து, கடைசியில் தண்ணீரை நிறுத்து என்றான். உடம்புத் தண்ணீரை இறக்கும் மாத்திரை ஒன்றையும் எங்கேயோ வாங்கிவந்து கொடுத்தான். “எல்லாரும் பண்றதுதான் மச்சான். எடை போட்டு முடிச்சதும் ஒரு சொம்புத் தண்ணியக் குடி, எல்லாம் சரியாயிரும்.”

பாக்கியிருந்த ஒரே விருந்து சனிக்கிழமை, ஆதனக்கோட்டையில், மாமியார் வீட்டில். மாமியார் அருள்ராணி ரோட்டோரத்தில் முந்திரி வறுத்து விற்கிறவர். கொட்டகைக்குள் அடுப்பு எரியும், வாணலியில் கொட்டை வெடிக்கும், புகை கண்ணைப் பிடுங்கும். அந்தக் கொட்டகையை நினைத்ததும் ஜஸ்டினுக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டணத்தில் காசு கொடுத்து ஆவிக் குளியல் எடுக்கிறார்கள். மாமியார் வீட்டில் அது இலவசமாகவே எரிந்துகொண்டிருக்கிறதே!

வந்து இறங்கியதுமே, “அத்தே, நீங்க போய் ஒக்காருங்க. இன்னைக்கு நான் வறுக்கிறேன்” என்றான்.

“ஆத்தாடி! விருந்துக்கு வந்த மாப்பிள்ளைய அடுப்புல ஒக்கார வச்சா ஊரு என்னைய என்ன பேசும்?”

“எனக்கு ஆசையா இருக்குங்க அத்தே.”

மாப்பிள்ளையின் ஆசையைத் தட்டலாமா? விட்டுவிட்டார். ஆனால் மாப்பிள்ளை பையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து, கழுத்துவரை பட்டன் போட்டு, அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையும் மாட்டியதைப் பார்த்ததும் அருள்ராணி வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார். வெளியே தார் ரோடு உருகிக் கொண்டிருந்தது. கருமேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு காக்கை கூட மேலே பறக்கவில்லை.

“ஏங்க, மாப்பிள்ளைக்குப் பேய் கீய் புடிச்சிருக்குமோ?” என்று வீட்டுக்காரர் அருள்சாமியிடம் கிசுகிசுத்தார்.

“கொட்டையிலேருந்து தெறிக்கிற பாலு பட்டா தோலு வெந்துரும்ல, அது மேல படாம இருக்கப் போட்டுருப்பாரு. வெவரமான பையன்.”

வெவரமான பையன் அடுப்பு முன்னால் வெந்துகொண்டிருந்தான். நடுநடுவே எழுந்து, மூட்டை நிறுக்கிற மேடையில் ஏறி நிற்பான். முள்ளைப் பார்ப்பான், மறுபடி அடுப்புக்குப் போவான். முந்திரி வாங்கக் காரை நிறுத்திய ஒருவர், “இவரு கிலோ என்ன வெலைங்க?” என்று கேட்டுவிட்டே போனார்.

உள்ளே இலை போட்டாயிற்று. “அப்புறமா சாப்பிடுறேன்” என்றான். மோர் வந்தது. “வேணாம்” என்றான். மோரையும் வேண்டாம் என்ற மாப்பிள்ளையை அருள்ராணி அதுவரை கண்டதில்லை. “நேத்துலேருந்து கண்ணுமுழிச்சு சமைச்சேன்டி, ஒம் புருஷனுக்கு என் கை புடிக்கலையாடி?” என்று மகளிடம் மூக்கைச் சிந்தினார்.

ஃபெமினா கொட்டகைக்கு வந்தாள். ஜஸ்டின் மேடை மேல் நின்றிருந்தான். முகம் செங்கல் நிறம். அவள் அவன் கழுத்தைத் தொட்டாள். அடுப்பில் கிடந்த வாணலி மாதிரி சுட்டது. ஆனால் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

“என்னங்க, ஒடம்பு கொதிக்குது, வேர்க்கவே இல்லையே?”

“தண்ணி எல்லாம் எறங்கிருச்சு” என்று இளித்தான். நாக்கு குழறியது. “இன்னும் கொஞ்சந்தான். பாரு, முள்ளு...”

கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. தொடை இழுத்தது. முந்திரி மூட்டைகள் மேல் சாய்ந்தவன் எழவில்லை. அவள் சொம்பை வாயருகே கொண்டுபோனபோது பல்லைக் கடித்துக்கொண்டான்.

“குடுக்காத... நாளைக்கு எடை...”

“எடையாவது மண்ணாவது!” மழைக்கோட்டைக் கிழித்து எறிந்து, குடத்து நீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள் ஃபெமினா.

அருள்சாமியின் லோடு ஆட்டோ புதுக்கோட்டைக்குப் பறந்தது. முந்திரி மூட்டை போகிற இடத்தில் மாப்பிள்ளை கிடந்தான். மாமியார் முந்தானையை நனைத்து நனைத்து அவன் நெஞ்சில் போட்டுக்கொண்டே, தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவசரத்தில் எதிர்ப்பட்ட ஒரு முனியசாமி கோயிலையும் விடவில்லை.

டாக்டரம்மா சோதித்து, பாலாஜி கொடுத்த மாத்திரைக் கதையையும் எல்லார் முன்னாலும் ஜஸ்டினிடமிருந்து கறந்துவிட்டு, ஃபெமினாவிடம் சொன்னார்: “தண்ணியும் இல்லாம, சூட்டுலயும் இருந்ததுல சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. அது கிட்னியை அடைக்கும். இதோ இந்தப் பையில ஒண்ணுக்கு எறங்கிட்டா நல்லது. நாளைக்குள்ள எறங்கலைன்னா டயாலிசிஸ்தான்.”

கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. காய்ந்துபோய், வெறுமையாக. மேலே சலைன் பாட்டில் பாட்டிலாக ஏறியது. கீழே ஒன்றும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. எடை போடும் நேரம் வந்தது, போனது. ஜஸ்டின் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தான். போன வருடம் தோற்றதெல்லாம் எங்கேயோ கிடந்தது. எந்த நேரத்தில், எந்த வேலிப்பக்கம் வேண்டுமானாலும் கவலையில்லாமல் ஒதுங்கியவன் அவன். இப்போது ஒரே ஒரு சொட்டுக்காக வேண்டினான்.

அந்தச் சமயம் பார்த்துப் பாலாஜி, சேதி கேட்டு எடை மேடையிலிருந்து நேராக, கையில் இளநீரோடு வந்து நின்றான்.

“எளநி குடுக்கக் கூடாது. கிட்னி இப்படி இருக்கையில ஆகாது” என்றார் நர்ஸ்.

அருள்ராணி அவனை மேலும் கீழும் பார்த்தார். “மாத்திரை குடுத்த டாக்டரு நீங்கதானா? வாங்க தம்பி. அத நீங்களே குடிங்க. நல்லாக் குடிங்க. ஒங்கம்மாவுக்காவது புள்ள வேணும்ல?”

பாலாஜி நின்றபடியே குடித்தான். கண்ணில் நீர் முட்டியது. மடக்கு மடக்கென்று அவன் விழுங்கிய சத்தத்தில், கட்டிலில் கிடந்தவனுக்குத் தொண்டை தானாக அசைந்தது.

அப்போதுதான் ஃபெமினா குனிந்து குழாயைப் பார்த்தாள். கருப்பட்டிக் காப்பி மாதிரி ஒரு கோடு மெல்ல ஊர்ந்து வந்தது. பைக்குள் சொட்டியது. இன்னொரு சொட்டு.

“அம்மா!”

அருள்ராணி பார்த்தார். அதற்குப் பிறகு யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி, “மாப்பிள்ளை ஒண்ணுக்குப் போயிட்டாருங்க!” என்றார். எதிர்க் கட்டில் கிழவர் கைதட்டினார். பிறகு அருள்ராணி போனை எடுத்து, விருந்து போட்ட வீடுகளுக்கெல்லாம் வரிசையாகச் சொன்னார். ஆவூருக்குப் போனில் போட்ட சத்தம் நார்த்தாமலையில் கோயில் புறாக்களைக் கலைத்தது என்று கேள்வி. ஜஸ்டின் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான். ஆனால் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது.

டாக்டரம்மா வந்து பார்த்து, இப்படியே இறங்கினால் டயாலிசிஸ் தேவைப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாசக்கணக்கில் கையுறையைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். ஃபெமினா போர்வையை விலக்கினாள்.

“அறுபது போச்சேன்னு வருத்தமா இருக்கா?”

அவன் கட்டிலோரத்துப் பையை எட்டிப் பார்த்தான்.

“ஏய், இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு பாரு” என்றான்.