முக்காலி வக்கீல்

சிறார் நீதிமன்றத்தில் அந்த அம்மாளுக்கு முக்காலி வக்கீல் என்று பெயர். பதினாறு வருடமாக அவருடைய கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்குக் கால் தரையில் எட்டுவதில்லை. பெரியவர்களுக்கென்று செய்த நாற்காலியில் குழந்தையை ஏற்றி வைத்துவிட்டு, ‘கால் ஆடுகிறது, குற்ற உணர்ச்சி’ என்று குறித்துக்கொள்ளும் மேதைகள் நிறைந்த இடம் அது. அதனால் அவருடைய துணிப்பையில் சட்டப் புத்தகத்தோடு ஒரு குட்டி முக்காலியும் வரும்.

“கால ஊனி உக்காரட்டும். அப்பதான் ‘இல்ல’ன்னு சொல்ல தைரியம் வரும்” என்பார்.

அன்று முக்காலியில் கால் வைத்திருந்தவள் பதினொரு வயதுப் பெண். பள்ளி வாசலில் ஒரு சைக்கிள் காணாமல் போயிருந்தது. பக்கத்தில் நின்ற பாவத்துக்கு இவள் மாட்டிக்கொண்டாள். ஆதாரம் என்று இருந்தது, காவல் நிலையத்தில் அவள் ‘தானாக முன்வந்து’ கொடுத்த வாக்குமூலம் மட்டும்தான். அது நின்றால் அவள் சிறார் இல்லத்துக்கு, விழுந்தால் வீட்டுக்கு.

‘சபலத்திற்கு ஆட்பட்டு மேற்படி மிதிவண்டியைக் களவாடினேன். மனசாட்சியின் முள் குத்த, சமுதாயத்தின் முன் தலைகுனிந்து நிற்கிறேன்.’

வராந்தாவில் வக்கீல் கேட்டார்: “சபலம்னா என்னடி?”

“சைக்கிள் பார்ட்ஸா அக்கா?”

வக்கீலுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. மொழிப்பாடத்தில் இவள் வாங்கியது நூற்றுக்குப் பதினெட்டு. அந்த ரேங்க் கார்டை நீட்டினால் போதும்.

“ஐயோ அக்கா, அத மட்டும் காட்டாதீங்க. மானம் போயிடும்.”

“திருடின்னு சொல்றாங்களே, அதுல போகலியா?”

“அது பொய்தானே. மார்க்கு நிஜமாச்சே.”

பதினொரு வயதானாலும் கட்சிக்காரர் கட்சிக்காரர்தான். ரேங்க் கார்டு பைக்குள் திரும்பிப் போனது.

சாட்சிக் கூண்டில் காவல் நிலைய எழுத்தர் ஏறினார். “அந்தப் பொண்ணு சொல்லச் சொல்ல எழுதினேன் மேடம். அவ்ளோதான்.”

“என்ன அழகான நடை!” என்றார் வக்கீல். “இந்த ‘மேற்படி’ மட்டும்தான் கொஞ்சம் இடிக்குது. சின்னப் பொண்ணுதானே, தெரியாம போட்டிருக்கும்.”

எழுத்தரின் முகம் சுருங்கியது. “இடிக்கவே இடிக்காது மேடம்! முதல்ல ‘அவ்வண்டி’ன்னுதான் போட்டேன். நொண்டிச்சு. அத அடிச்சிட்டு ‘மேற்படி’ போட்டப்புறம்தான் வாக்கியமே எழுந்து நின்னுச்சு.”

“அந்த முள்ளு?”

“அது டீ குடிக்கறப்ப வந்துச்சு மேடம்.”

நீதிபதி பேனாவை மூடினார். “யாருக்குய்யா வந்துச்சு?”



வாக்குமூலம் தள்ளுபடியானது, வழக்கும் அதன் பின்னாலேயே போனது. எழுத்தர் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். அவர் முழங்கால் ஆடுவதைக் கவனித்த பெண் முக்காலியைக் கையில் எடுத்தாள்.

“அக்கா, பாவம். அவருக்குக் குடுக்கலாமா?”

“வேணாம்” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் வக்கீல். “கொஞ்ச நேரம் ஆடட்டும்.”