நீலமாக நின்ற ஒரே ஒரு ஓடு

பழங்காலக் கடல் சேற்றுக்கு வயசு சொல்வது என் தொழில். அதில் இறங்கியவளுக்குத் தன் வயசு ஏறுவது மட்டும் தெரியாது. முனைவர் பட்டம் என்று எங்கேயாவது மாட்டிக்கொண்டு முழிக்கிற சகபாடிகளே, உங்களை விட்டால் இதை நான் யாரிடம் சொல்லி அழுவேன்?

மூட்டை

ஆய்வுக்கூடத்தை மராமத்து என்று பூட்டிவிட்டார்கள். அரியலூர்ப் பக்கம் வெட்டியெடுத்த சேற்று மாதிரிகளையும் சல்லடையையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு, மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறியதும் கண்டக்டர் மூட்டையில் என்ன என்றார். அரியலூர் ஒரு காலத்தில் கடல், இது அந்தக் கடலின் அடிச்சேறு என்று பெருமையாக விளக்கினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மூட்டையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுக் கேட்டார்:

“ஏனுங்க, மலைமேல மண்ணுக்கா பஞ்சம்?”

கோடு

சித்தப்பா மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். ஊரில் என் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே மனிதர், விடுவேனா? பூமி பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுகிறது, அதனால் வெயில் கூடிக் குறைகிறது, கடலடியில் வெளிர் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறி மாறிப் படிகிறது, ஒரு ஜோடிக்கு ஏறக்குறைய இருபதாயிரம் வருஷம் என்றேன். ஜோடிகளை எண்ணினால் எவ்வளவு காலம் என்று தெரியும். அது எந்தக் காலம் என்று சொல்ல, மணல் பருமனே உள்ள கடலுயிர் ஓடுகள் வேண்டும். ஒவ்வொரு வகையும் ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் வாழ்ந்தது.

கிழங்கைச் சீவிக்கொண்டே முழுசாகக் கேட்டார். எழுந்து போகும்போது சொன்னார்:

“கடலு கோட்டைச் சரியாத்தான் போட்டிருக்கும் கண்ணு, நீ சரியாப் பாரு.”

போன்

அடுத்த வாரமே வந்தது அதிசயம். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த பழைய மாதிரியில், ரொம்பப் பிற்காலத்து ஓடு ஒன்று. அது உண்மையென்றால் இதுவரை எல்லோரும் சொன்ன வயசு தப்பு, என் பட்டமும் கைக்கு வந்த மாதிரிதான். செய்தி அனுப்பியதும், மூன்று மாதமாகப் போனை எடுக்காத என் பேராசிரியர் ஒரே நாளில் மூன்று தடவை கூப்பிட்டார். மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கமே எழுதிவிட்டாராம், தன் பெயரை முதலில் போட்டு. நான் இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேனே என்று இழுத்தேன்.

“பாரும்மா. கண்டுபிடிப்பு நம்மளோடது, தப்பு இருந்தா உன்னோடது.”

நீலம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதிரியைச் சலித்துக் கழுவியதும் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கி எடுப்போம். கண்ணியில் அந்த மாதிரியின் ஓடு ஏதாவது சிக்கியிருந்தால் அதில் நீலம் ஏறிவிடும். அடுத்த மாதிரியில் அது வந்து விழுந்தாலும், வேற்றாள் என்று தெரிந்துவிடும். நான் சாயத்தில் முக்கத் தவறவே இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க மலையில் மூடுபனி. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில்தான் பார்த்தேன்.

பனி விலகிய காலையில் மைக்ராஸ்கோப்பை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். வெளிர் நீலம். முந்தின நாள் கழுவிய மேல் அடுக்கின் ஓடு அது, சந்தேகமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வருஷ உழைப்பு, மறுநாள் சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். பேராசிரியருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். ரொம்பப் பரிவாகக் கேட்டார்:

“போட்டோவைக் கருப்பு வெள்ளையில போட்டுட்டா நீலம் எங்கம்மா தெரியப்போகுது?”

வாசல் வெயிலிலேயே கலரில் ஒரு போட்டோ எடுத்து, மாநாட்டுக்காரர்களுக்கும் அவருக்கும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்; பட்டம் இன்னும் வரவில்லை.

ஏழு கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் பொய் சொல்லாத ஒரு ஜீவனை, வெளியே எடுத்த ஒரே வாரத்தில் பொய் சொல்ல வைக்கப் பார்த்த தொழில் எங்களுடையது.