யாரும் சீண்டாத சில பைத்தான் வார்த்தைகள்

ஃபேக்டரியில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவன் பிழைப்பு எப்படி என்றால், ஓடினால் மெஷின் நல்ல மெஷின், நின்றால் "யார்றா அந்த சாஃப்ட்வேர்காரன்?" இந்தப் பாடு பட்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில், போர்டுகளைச் சோதிக்கும் ஸ்டேஷன்களுக்குப் பைத்தான் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தேன். இஃப், பிரிண்ட் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். என்னைப் படுத்தியெடுத்தது அந்த மொழியில் ஓரமாகக் கிடக்கும் வார்த்தைகள்தான்.

ஃபைனலி

போர்டை வைத்து பட்டனை அழுத்தினால் கிளாம்ப் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். சோதனை முடிந்ததும் ஸ்கிரிப்ட் அதைத் திறந்துவிட வேண்டும். நடுவில் எரர் வந்து ஸ்கிரிப்ட் செத்துப்போனால் திறக்கச் சொல்ல ஆள் இல்லை. ஆபரேட்டர் முத்துலட்சுமி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் வந்தவள், மாட்டிய போர்டோடு மல்லுக்கட்டுவாள். பிடுங்கினால் போர்டில் கீறல் விழும், கூடவே திட்டும் விழும்.

ஃபைனலி என்று எழுதி அதன்கீழே கிளாம்பைத் திறக்கச் சொல்லிவிட்டால், உள்ளே என்ன ரகளை நடந்தாலும் அதைச் செய்துவிட்டுத்தான் பைத்தான் நகரும். அப்படியே மாற்றி எழுதி, வேண்டுமென்றே ஒரு எரரை வரவழைத்துக் காட்டினேன். கிளாம்ப் சமர்த்தாக மேலே போனது. முத்துலட்சுமி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுக்குன்னு ஒரு வார்த்த இருந்திருக்கு, இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலியே சார்."

லாம்டா

சோதனை முடிவுகளை வரிசைப்படுத்த ஓரிடத்தில் லாம்டா போட்டிருந்தேன். பெயர் வைக்காமலே, நின்ற இடத்தில் எழுதிக்கொள்ளும் குட்டி ஃபங்ஷன் அது. அந்த நேரம் பார்த்து ஆடிட் வந்தது. எங்கள் கம்பெனியில் ஆடிட் என்றால் துடைப்பத்துக்கு ஒரு பெயர் ஸ்டிக்கர், அது தொங்கும் ஆணிக்கு ஒரு ஸ்டிக்கர். வந்தவர் திரையைக் காட்டி "இது என்ன?" என்றார். நான் வெள்ளந்தியாக, "பேர் இல்லாத ஃபங்ஷன் சார்" என்றேன். மூடிய பேனாவை மறுபடி திறந்தார். விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. பாவம், அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார். "தம்பி, இந்தக் கட்டடத்துல குப்பைத் தொட்டிக்கே பேர் இருக்கு. இதுக்கு மட்டும் ஏன் வைக்கல?" என்றார்.

எல்ஸ்

இஃப்போடு வருகிற எல்ஸ் ஊருக்கே தெரியும். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும் ஃபார் லூப்புக்கும் ஒரு எல்ஸ் உண்டு. கடைசிவரை தேடியும் ஒன்றும் சிக்காவிட்டால் மட்டும் அது வேலை செய்யும். பார்கோடில் வந்த மாடலைப் பட்டியலில் தேடு, எங்கேயுமே இல்லையென்றால் 'போர்டு தெரியவில்லை' என்று சிவப்பு காட்டு. இதற்கு அது கச்சிதம். ஆனால் எழுதும்போது ஃபாருக்கு நேர்கீழே நிற்க வேண்டும்; கொஞ்சம் உள்ளே தள்ளினாலும் பைத்தானுக்கு அர்த்தமே மாறிவிடும்.

என்னோடு வேலை பார்த்த தினகரன் தங்கமான மனுஷன், பூந்தமல்லிக்காரன். எது கோணலாகத் தெரிந்தாலும் அவனுக்குக் கை பரபரக்கும். முத்துலட்சுமியின் ஸ்டேஷனில் அந்த எல்ஸைப் பார்த்தவன், "இன்னாபா இது, எல்ஸு அம்போன்னு வெளிய நின்னுகினு கீது" என்று பரிதாபப்பட்டு, உள்ளே இருந்த இஃப்புக்குக் கீழே தள்ளிவிட்டான். என்னிடம் சொல்ல மறந்தும் போனான். அப்போது லைனில் ஓடியது பட்டியலின் முதல் மாடல். தேடியதுமே சிக்கிவிடும், எல்லாம் பச்சை. அடுத்த வாரம் வேறு மாடல் ஏற்றினார்கள். பட்டியலின் முதல் பெயரோடு பொருந்தவில்லை என்றதுமே 'தெரியவில்லை' என்று கைவிரிக்க ஆரம்பித்தது ஸ்கிரிப்ட். அவள் ஸ்டேஷனில் மட்டும் வரிசையாகச் சிவப்பு.

சூப்பர்வைசர் ரங்கராஜன் வந்து பார்த்தார். பக்கத்து ஸ்டேஷன்களில் பச்சை, இவளிடம் மட்டும் சிவப்பு. ஸ்கேனரைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்று லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டி, அவள் ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்ததும் கான்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்புவதாக முடிவு. கார்டு போனால் கான்ட்ராக்டர் கொடுத்த ஹாஸ்டல் கட்டிலும் அன்றைக்கே போகும்.

ஸ்கிரிப்டைத் திறந்தேன், இடம் மாறிய எல்ஸ் கண்ணில் பட்டது. தினகரன் முகம் வெளுத்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ரங்கராஜனிடம் ஓடி, "அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல சார், நான்தான் கை வெச்சேன்" என்றான். எல்ஸைப் பழைய இடத்துக்கு இழுத்துவிட்டோம். சிவப்பான அதே போர்டுகளை அவளையே வைக்கச் சொன்னோம். அத்தனையும் பச்சை.

ரங்கராஜன் நல்லவர்தான், தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது. கார்டை நீட்டி, "சரிம்மா, போய் உக்காரு, லைன் நிக்குது" என்றார். முத்துலட்சுமி கை நீட்டவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "திட்டுனது எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா சார், இதையும் எல்லாருக்கும் கேக்கமாதிரி சொல்லுங்க, வாங்கிக்கிடுதேன்."

அவர் சொன்னார், அவள் வாங்கிக்கொண்டாள், நானோ அன்றிலிருந்து ஒவ்வொரு எல்ஸுக்கும் மேலே 'இது இங்கேதான் நிற்கும், தொடாதே' என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டு, அதையும் எந்தப் புண்ணியவான் வந்து அழகுபடுத்தப் போகிறானோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.